வடக்கு வீட்டில் வைத்த பெட்டி

கோவில்பட்டியில் ஆவணி வெயிலைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு ஆவணியில், பதினேழு நாள், ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் நார்வே நாட்டின் வடகோடிக் குளிர் அடித்தது. அடுத்த வீட்டிலும் எதிர்த்த வீட்டிலும் வழக்கம்போல மொட்டைமாடித் தரையில் அப்பளம் பொரிகிற அளவுக்குக் காய்ந்தது. அதற்குக் காரணம் ஒரு சிவப்புப் பெட்டி, அதை அங்கே வைத்தவர் கோமதிநாயகம் பிள்ளை, அதை அங்கிருந்து எடுக்க விடாதவள் அவர் மனைவி செண்பகவல்லி.

வேணி அவர்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்குக் கடல் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற வேலை, அதனால் இருவரும் ட்ரோம்ஸோ என்ற ஊரில், இதற்கு மேலும் வடக்கே போனால் பனிக்கட்டிதான் என்கிற இடத்தில் குடியிருந்தார்கள். வேணிக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்தது. இரண்டாவது ஏழாம் மாதம் வரை வந்தது. அப்போது செண்பகவல்லி பெட்டி கட்டிக்கொண்டு மதுரை விமான நிலையம் வரை போய், மழையினால் இன்றைக்கு விமானம் இல்லை என்று சொல்லிவிட்டதால் வீட்டுக்குத் திரும்பி, பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுப் படுத்தாள், விடிந்ததும் போன் வந்தது. விமானம் பறக்காததற்கும் பிள்ளை பிழைக்காததற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார், மாப்பிள்ளை சொன்னார், வேணியே அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். புறப்பட்ட பெட்டியை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் காரணம் என்று செண்பகவல்லி நம்பினாள். இப்போது மூன்றாவது பிள்ளை, புரட்டாசி முதல் தேதிவாக்கில் பிறக்கும் என்று நாள் குறித்திருந்தார்கள். இந்தத் தடவை மகள் பக்கத்தில் இருந்தே தீருவது என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு யோசனை இல்லை.

பயண ஏற்பாடு முழுவதும் கோமதிநாயகத்தின் பொறுப்பு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவர், நோட்டுப் போட்டு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆடி மாதமே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ட்ரோம்ஸோவில் கோடை முடிகிற நேரத்தில் பகலில் பத்து அல்லது பன்னிரண்டு டிகிரி, சாரல் குறுக்காக அடிக்கும், குடை பிரயோஜனப்படாது, சூரியன் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் மறைவார், ஆனால் நாளுக்கு ஐந்து நிமிஷம் சீக்கிரமாக மறைந்துகொண்டே வருவார் என்றெல்லாம் பத்திரம் எழுதுகிற கையெழுத்தில் எழுதினார். காலையில் பஞ்சாங்கம் வாசிக்கும் முன் அந்த ஊர் வானிலையை வாசித்தார். நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் வேர்த்து வடிந்துகொண்டு, இன்றைக்கு எட்டு டிகிரிதானாம் என்று அவர் கவலைப்படுவதைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக வரும். பெட்டியில் நாலு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, பிரசவ லேகியம், வசம்பு, குழந்தையைத் துடைக்க அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணி எல்லாம் ஏறிவிட்டன. விசா மட்டும் வரவில்லை. சென்னைக்குப் போன பாஸ்போர்ட் பரிசீலனையில் உள்ளது என்று செல்போனில் ஒரே வரி வந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது. வடக்கே புறப்பட ஆவணி மூன்றாம் தேதி வியாழக்கிழமை நல்ல நாள், அதை விட்டால் அந்த மாதம் முழுக்க ஏதோ ஒரு கோளாறு. இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வழிதான் பரஸ்தானம்: நல்ல நேரத்தில் நாம் புறப்பட முடியாவிட்டால், நம் பெட்டியை அந்த நேரத்தில், போகிற திசையில் இருக்கிற வீடு ஒன்றில் கொண்டு வைத்துவிட வேண்டும், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பெட்டியை மறுபடி வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. நாமும் நிஜமாகக் கிளம்பும் வரைக்கும் பெட்டி இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் புறப்பட்டதாக ஆகிவிடும். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் இரண்டு நாளுக்குச் செய்கிற காரியம் இது. விசாவே வராமல் செய்வது பெண் பார்க்கும் முன்னே பந்தல்கால் நட்ட கதை, அதைத்தான் கோமதிநாயகம் செய்தார், செண்பகவல்லிதான் செய்ய வைத்தாள்.

அவர்கள் வீட்டுக்கு நேர் வடக்கே தங்கபுஷ்பத்தின் வீடு. இடுப்புயரச் சுற்றுச்சுவர் ஒன்றுதான் நடுவில். தங்கபுஷ்பத்துக்கு ஐம்பது வயது, புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை கிடையாது, இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைத்தாள். விசேஷ வீடுகளில் அவளை முன்னால் கூப்பிட மாட்டார்கள், அவளும் பின்கட்டில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். பெட்டியை வைக்கக் கேட்டபோது, ரெண்டு நாளைக்குத்தான மதினி, வச்சுட்டுப் போங்க என்றாள். வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் கோமதிநாயகம் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் அவள் நடுவீட்டில், கலெண்டர் தொங்கிய சுவருக்குக் கீழே நிறுத்திவிட்டு வந்தார்.

அன்று மத்தியானமே குளிர ஆரம்பித்துவிட்டது. முதலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்தது, பிறகு தங்கபுஷ்பம் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது, மூன்று மணிக்கு அவள் வளவுக்குள் மட்டும் சாரல் விழுந்தது, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் வேணி போனில் முகம் காட்டிப் பேசும்போது, இங்கே ஜன்னலில் மழை அடிக்கிறது பாருங்கள் என்று திருப்பிக் காட்டினாள், செண்பகவல்லி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள், அதே மழை, அதே சாய்வு, அங்கே நின்றபோது இங்கேயும் நின்றது. பயணம் தொடங்கிவிட்டது, போக வேண்டிய ஆள் போகவில்லை, அதனால் போக வேண்டிய ஊர் வந்துகொண்டிருக்கிறது என்று கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பரஸ்தானம் பொய்யாகாது என்பது எங்களுக்குத் தெரியும், இத்தனை மெய்யாகும் என்பதுதான் தெரியாது.

தெரு அதைப் பழகிக்கொள்ள மூன்று நாள் போதுமாக இருந்தது. வேர்க்குரு வந்த கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தங்கபுஷ்பத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள், பூக்காரி விற்காத பிச்சிப்பூப் பந்துகளை அங்கே கொண்டுவந்து வைத்தாள், கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் இருபது கிலோ வெண்ணெயைக் கேட்காமலேயே இறக்கிவிட்டுப் போனார், கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை முளைத்தது. சூரியன் அந்த வீட்டுக்குள் மட்டும் நம் கடிகாரத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு மறைந்து காலை ஏழரைக்கு உதித்தார் என்பதால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கரண்டு போனாலும் கவலைப்படாமல் அவள் ஜன்னலோரம் படித்தார்கள். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்து, தங்கம் விலைக்கும் சினிமாச் செய்திக்கும் நடுவில் பத்து விநாடி காட்டினார்கள். விளக்கு வைக்கிற நேரம் எது என்று மட்டும் தங்கபுஷ்பத்துக்குக் கடைசி வரை பிடிபடவில்லை, ஆறரைக்கு ஏற்றினால் வெளியே பட்டப்பகலாக இருந்தது.

எங்களுக்கு அது குளிர்ச்சி, அவளுக்குத்தான் அது குளிர். நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவோம், அவள் அதில் ஆட்டி, அதில் சமைத்து, அதில் படுத்து, பல் கிட்டிக் கிடந்தாள். மாவு பொங்கவில்லை. பொங்காத மாவை யார் வாங்குவார்கள், வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடை மாவுக்கு மாறினார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை, எந்தச் சந்தில் காற்று நுழைகிறது, வெந்நீர் எத்தனை நிமிஷம் சூடு தாங்கும், எண்ணெயை எங்கே வைத்தால் இளகும், ஈரத்துணியை எவ்வளவு தூரத்தில் நெருப்புக்குக் காட்ட வேண்டும் என்று அந்தக் குளிரை அவள் தானே பாடம் படித்தாள். ஒரு விடிகாலை சமையலறைக் கூரையில் பச்சை வெளிச்சம் நெளிந்தபோது கேஸ் கசிகிறதோ என்று சிலிண்டரை மூடினாள், அது அந்த ஊர் வானத்து வெளிச்சம் என்று கோமதிநாயகம் நோட்டைப் பார்த்துச் சொன்ன பிறகு, சரி என்று உளுந்தைக் கழுவப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் அவள் தாங்க முடியாமல் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். செண்பகவல்லி அதைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

“பிள்ளைத்தாச்சிக்குக் கொண்டுபோற பெட்டி புஷ்பம் அது. அதுல நீ கை வைக்கலாமா?” என்றாள்.

அந்த நீ என்ற சொல்லில் என்ன இருந்தது என்று இருவருக்கும் தெரியும். தங்கபுஷ்பம் ஸ்வெட்டரைக் கழற்றி, இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்து, பெட்டியை மூடினாள். அன்றைக்குச் செண்பகவல்லிக்கும் சோறு இறங்கவில்லை, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவளுக்கு வாய் வரவில்லை.

விசா வரவில்லை. கோமதிநாயகம் தினமும் சென்னைக்குப் போன் போட்டார், தினமும் அதே வரியைக் கேட்டுக்கொண்டு நோட்டில் எழுதினார். தங்கபுஷ்பத்தின் வீட்டுச் சூரியன் நாளுக்கு ஐந்து நிமிஷம் முந்திக்கொண்டு மறைந்தார், ஒரு மணி பன்னிரண்டே முக்கால் ஆனது, பன்னிரண்டே கால் ஆனது. ஒவ்வொரு ஐந்து நிமிஷம் கரையும்போதும் செண்பகவல்லி புரட்டாசிக்கு மீதி நாளை விரல்விட்டு எண்ணினாள். தெருவும் இரண்டாகப் பிரிந்தது. பெட்டியை எடுக்கத்தான் வேண்டும் என்றவர்களை, உங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை, அதனால் சொல்கிறீர்கள் என்று வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் மடக்கினார்கள். நானும் உட்கார்ந்தவர்கள் பக்கம்தான் இருந்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் தங்கபுஷ்பம் சுவரோரம் வந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது, விரல்கள் வீங்கியிருந்தன.

“மதினி, பெட்டிய எடுத்துக்கிடுங்க. என்னால முடியல.”

“இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோ புஷ்பம்.”

“ரெண்டு நாள்னு சொல்லித்தான பன்னெண்டு நாளாச்சு.”

“அத எடுத்தா என் பிள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்.”

“எடுக்கலன்னா எனக்கு என்ன ஆகும்னு எனக்குத்தான மதினி தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் இருமினாள்.

ஏன் நீயே தூக்கித் தெருவில் வைக்க வேண்டியதுதானே என்று டீக்கடைக்காரர் அவளிடம் கேட்டாராம். வைக்கலாம், நாளைக்கு அங்கே ஏதாவது ஒன்று என்றால் எல்லாரும் என்னைத்தான் சொல்வார்கள், அதுகூடப் பரவாயில்லை, நானே என்னைச் சொல்லிக்கொள்வேனே என்றாளாம். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் டீக்கு அவளிடம் காசு வாங்குவதில்லை.

பதினேழாம் நாள் சனிக்கிழமை. நாள் குறித்ததற்குப் பதின்மூன்று நாள் முன்னதாக, நமக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு, வேணி போன் செய்தாள். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள், மாப்பிள்ளை ஆராய்ச்சிக் கப்பலில் இருக்கிறார், கரைக்கு வர மறுநாள் ஆகும். தாதிமார் எல்லாரும் தங்கமானவர்கள், ஆனால் பிள்ளையின் நாடித்துடிப்பு ஏறி இறங்குகிறது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா, பயமாக இருக்கும்மா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

செண்பகவல்லி போனைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினாள். விசா வேண்டாம், விமானம் வேண்டாம், அந்த வீட்டுக்குள் போய் மகள் மேல் அடிக்கிற அதே காற்றிலாவது நிற்கிறேன் என்று கேட்டில் கை வைத்தாள். பின்னாலேயே வந்த கோமதிநாயகம் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“எமகண்டம் ஆரம்பிச்சிட்டு. இப்பக் கால் வச்சா இப்பப் புறப்பட்டதா ஆயிரும். மூணு மணி வரைக்கும் பொறு.”

அவள் பொறுத்தாள். அந்தத் தொண்ணூறு நிமிஷத்தைப் பற்றி எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை. கேட்டுக்கு வெளியே, உச்சி வெயிலில், காலில் செருப்புகூட இல்லாமல், ஒலியைப் பெரிதாக வைத்த போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மகள் முனகுவதைக் கேட்டபடி, ஒரு அடி எடுத்து வைத்தால் குளிர் என்கிற இடத்தில், இரண்டு கெட்டது நடந்துவிட்டது, மூன்றாவது என் அவசரத்தால் நடக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு அவள் நின்றாள். நாங்களும் நின்றோம். உள்ளே காற்று ஊளையிட்டது, மழை படுக்கைவாட்டில் அடித்தது.

தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்து போனில் வந்த குரலைக் கேட்டாள். முகமெல்லாம் ஈரமாக இருந்தது.

“மதினி, உள்ள வாங்க” என்றாள்.

“மணி ரெண்டுகூட ஆகலையே புஷ்பம்.”

போனில் வேணி, அம்மா, யாராவது வாங்கம்மா என்று அலறினாள். தங்கபுஷ்பம் திரும்பி உள்ளே போனாள், பெட்டியின் சக்கரம் தரையில் உருளுகிற சத்தம் கேட்டது, பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது, அத்தோடு அவளைக் காணவில்லை. வேணியின் போனும் அறுந்துபோனது.

மணி மூன்று அடித்ததும் செண்பகவல்லி வலதுகாலை எடுத்து வைத்தாள். உள்ளே கோவில்பட்டி வெயில் காய்ந்தது. தரை சுட்டது, ஓட்டுச் சந்திலிருந்து கடைசி ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தது, கலெண்டருக்குக் கீழே வெறும் சுவர். பின்கதவுக்கு அப்பால் எப்போதும் இருக்கிற கருவேல முள்ளும் ரயில் தண்டவாளமும்தான் தெரிந்தன. பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் ஓடினார்கள், ஸ்டேஷனுக்கு இரண்டு பேர். செண்பகவல்லி அந்தச் சுடுதரையில் உட்கார்ந்து, பெட்டியைக் கொண்டுபோய் எங்கேயோ எறிந்துவிட்டாள், வஞ்சம் தீர்த்துவிட்டாள், என் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று தரையில் அறைந்து தூற்றினாள். அவளை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை, யாரும் பக்கத்தில் போகவில்லை.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. எடுக்க அவளுக்குக் கை வரவில்லை, கோமதிநாயகம்தான் எடுத்து அவள் காதில் வைத்தார்.

“அம்மா, புஷ்பம் அத்தை வந்துட்டாங்க” என்றாள் வேணி.

“எங்க வந்துட்டா?”

“இங்கதாம்மா. பெட்டியோட. என் கையப் பிடிச்சிட்டு நிக்காங்க.”

வேணி போனை அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டாள். தெரு முழுக்க அந்தப் போனைச் சுற்றி நின்றது. தெரியாத பாஷையில் யாரோ வேகமாகப் பேசினார்கள், வேணி கத்தினாள், அந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில் தங்கபுஷ்பத்தின் குரல், முக்கு தாயி, விட்டுராத, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. செண்பகவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு புதுக் குரல், சின்னதாக, கோபமாக அழுதது.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கபுஷ்பம் போனில் வந்தாள். பின்கதவைத் திறந்தேன், ரோடு இருந்தது, மேட்டில் ஏறினேன், ஆஸ்பத்திரி இருந்தது என்று கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். பாஸ்போர்ட் கேட்டார்களா என்று கோமதிநாயகம் இடையில் கேட்டார், அதை யாரும் காதில் வாங்கவில்லை.

“பொம்பளப் பிள்ள, மதினி. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. மூக்கு அப்படியே உங்க மூக்கு.”

செண்பகவல்லி அழுதாள். மகளும் பேத்தியும் பிழைத்ததற்கு அவளுக்கு வயிறு குளிர்ந்தது, தான் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருத்தி நிற்பதற்கு அதே வயிறு எரிந்தது, அந்த இன்னொருத்தியை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் என்னவெல்லாம் சொன்னோம் என்பதும் நினைவுக்கு வந்தது. பாட்டியாகிவிட்டவள் ஏதாவது சொல்லியாக வேண்டும், அவள் வாயில் வந்தது இதுதான்.

“புஷ்பம், பிள்ளைக்கு இப்பம் தலையோட தண்ணி ஊத்திராத. அந்த ஊர்க் குளிரு உனக்குத் தெரியாது.”

போனில் பிள்ளை சிணுங்கியது, தூரத்தில் மழை பெய்தது.

“எனக்கா மதினி தெரியாது?” என்றாள் தங்கபுஷ்பம்.

அதில் கோபம் இருந்திருந்தால் செண்பகவல்லிக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். கோபமே இல்லை. பதினேழு நாளும் கால் வைக்காத அந்த வீட்டின் நடுவில், சூடு ஏறிக்கொண்டிருந்த சிமிண்டுத் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“தெரியும்” என்றாள். “நீயே குளிப்பாட்டு.”